வேலியை நகர்த்துமுன் வீட்டைப் பார்!

காணியின் உறுதி வேறு. அந்தக் காணியில் நிற்கும் வீடு வேறு. இந்த வேற்றுமையை நம் நாட்டு மக்களுக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உறுதியில் எல்லையைக் குறைத்து எழுதிவிட்டால் வீடு தானாகச் சுருங்கிக் கொள்வதில்லை. எல்லையை விரித்து எழுதிவிட்டால் வீட்டில் ஓர் அறை தானாக முளைப்பதுமில்லை. இரண்டையும் ஒன்றோடொன்று பொருந்தச் செய்வது மனிதர் கடமை. பொருத்தம் தவறினால் அயலாருடன் வழக்கு மூளும். சில வேளைகளில் குடியிருப்புக்கே சேதம் விளையும்.

கணினியின் வன்தட்டைப் பிரிவுகளாகப் பங்கிடுவதிலும், பங்கிட்ட பிரிவுகளின் அளவைப் பின்னர் மாற்றுவதிலும் இதே நியதி நிலவுகின்றது. வீட்டுக் கணினியில் இவ்வேலையைத் தவறாகச் செய்தால் ஒரு குடும்பத்தின் புகைப்படங்கள் போகும். பலருக்கும் ஒரே வேளையில் தொண்டு செய்கின்ற சேவையகக் கணினியில், அதாவது 'சேர்வர்' எனப்படுவதில், தவறாகச் செய்தால் ஒரு கல்லூரியின் பரீட்சைப் புள்ளிகளோ, ஒரு வைத்தியசாலையின் நோயாளர் குறிப்புகளோ, ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளோ சில நிமிடங்களில் மறைந்துவிடக் கூடும். ஆகவே இவ்வேலையைப் பழுதின்றிச் செய்யும் கிரமத்தை இவ்வாரம் ஆராய்வோம். கணினித் துறையிற் பயிலும் மாணவர்கட்கு இது நேரே பயன்படும். ஏனையோருக்கும், தம் காரியாலயத்துக் கணினியில் இவ்வேலை நடைபெறும் நாளில் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதை இது உணர்த்தும்.

தட்டைப் பங்கிட்ட வரலாறு

1956 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம், வன்தட்டுப் பொருந்திய முதலாவது கணினியை அறிமுகம் செய்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை அடுக்கிய அப்பெரும் பொறியில் 50 இலட்சம் எழுத்துக்களே அடங்கின. 1983 இல் அதே நிறுவனம் 10 மெகாபைற்று வன்தட்டுடன் 'எக்ஸ்.ரி.' என்னும் மேசைக் கணினியை விற்பனைக்கு விட்டது. அதனுடன் வந்த டொஸ் 2.0 பணிசெயல் முறைமையிலே, ஒரே தட்டை நான்கு பிரிவுகள் வரை வகுக்கும் ஏற்பாடு அமைந்திருந்தது.

அந்த ஏற்பாடு மிகச் சிக்கனமானது. தட்டின் முதற் கூறு 512 பைற்று அளவுடையது. அதில் 64 பைற்றே எல்லைகளை எழுதுவதற்கு ஒதுக்கப்பட்டது. ஒரு பிரிவுக்கு 16 பைற்று வீதம் நான்கு வரிகள். தட்டு முழுவதற்குமான உறுதிப் பத்திரம் அவ்வளவே! அப்பத்திரம் ஏறத்தாழ 2.2 ரெராபைற்றுக்கு மேற்பட்ட இடத்தைக் குறிக்க இயலாதது. ஆதலின் இன்றைய கணினிகளில் ஜி.பி.டி. எனப்படும் புதிய அட்டவணை வழங்குகின்றது. அதில் வழக்கமாக 128 பிரிவுகளை எழுதலாம். அட்டவணையின் ஒரு பிரதி தட்டின் தொடக்கத்திலும் மற்றொரு பிரதி தட்டின் முடிவிலும் வைக்கப்படும். எழுத்துச் சிதைந்ததா என்று சரிபார்க்கும் எண்ணும் அதில் உண்டு.

சேவையகத்தின் தட்டைப் பிரித்து வைப்பதன் காரணம் யாது? ஒன்றன் பெருக்கம் மற்றொன்றை நெரிக்காதிருக்க வேண்டும் என்பதே. சேவையகம் தன்பாற் நிகழ்வன யாவற்றையும் நாட்குறிப்புப் போல ஓயாது எழுதிக்கொண்டே இருக்கும். அக்குறிப்புகள் பெருகி, பணிசெயல் முறைமை இயங்கும் இடத்தையே நிரப்பிவிட்டால் கணினி முடங்கும். அதனாலேயே குறிப்புகளுக்கு ஒரு பிரிவும், பயனாளரின் கோப்புகளுக்கு ஒரு பிரிவும், முறைமைக்கு ஒரு பிரிவுமாக வகுத்து வைக்கின்றனர். ஆனால் வகுத்த நாளில் இட்ட கணக்கு, ஆண்டுகள் செல்லப் பிழைத்துப் போகின்றது. ஒரு பிரிவு நிரம்பி வழிய, மற்றொன்று வெறுமையாகக் கிடக்கின்றது. அப்பொழுதுதான் எல்லையை மாற்றும் எண்ணம் எழுகின்றது.

ஒரே விதி

எல்லைகளை எழுதிய அட்டவணையை உறுதி என்றோம். அந்த எல்லைக்குள்ளே கோப்புகளை ஒழுங்காக அடுக்கி, எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்று கணக்கு வைத்திருக்கும் அமைப்பைக் கோப்பு முறைமை என்பர். அதுவே வீடு. அட்டவணைக்கு வீட்டின் அளவு தெரியாது. வீடோ, தான் கட்டப்பட்ட நாளில் எழுதிக்கொண்ட அளவையே நம்பியிருக்கும். இரண்டையும் தனித்தனியே மாற்ற வேண்டும்.

ஆகவே இவ்வேலை முழுவதையும் ஒரு விதியில் அடக்கலாம். எந்தக் கணத்திலும் வீடு காணிக்குள் அடங்கியிருத்தல் வேண்டும்.

இவ்விதியிலிருந்தே கிரமம் தானாகப் பிறக்கும். பிரிவைப் பெருக்குவதானால் முதலில் எல்லை, பின்னர் வீடு. சுருக்குவதானால் முதலில் வீடு, பின்னர் எல்லை. இந்த வரிசையிற் செய்தால், ஒரு படிக்கும் மறு படிக்கும் நடுவே வேலை நின்றுபோனாலும் குற்றமில்லை. சிறிய வீடு பெரிய காணியில் நிற்கும், அவ்வளவே. வரிசை மாறினாலோ, காணி சிறிதாகவும் வீடு பெரிதாகவும் ஆகி, குசினி அயலான் வளவுக்குள் போய்விடும்.

உண்மையில் இடம் போதாதா?

எல்லையில் கைவைக்கு முன், அதற்கு அவசியம் உண்டா என்று பார்க்க வேண்டும். பல வேளைகளில் இடத்தை விழுங்கியிருப்பவை எவருக்கும் வேண்டாத பழைய குறிப்புகளேயாம். அவற்றைச் சுருக்கி அடுக்கவோ நீக்கவோ செய்தால் போதும். கோப்பை நீக்கிய பின்னரும் இடம் மீளவில்லையாயின் திகைக்க வேண்டாம். லினக்ஸ் முறைமையில், ஒரு செயலி திறந்து வைத்திருக்கும் கோப்பை நீக்கினால் பெயர் மட்டுமே மறையும். அச்செயலி அதனைக் கைவிடும் வரை இடம் விடுபடாது. அச்செயலியை நிறுத்தித் தொடக்கினால் இடம் வெளிப்படும். அன்றியும், லினக்ஸில் பெருவழக்காகவுள்ள எக்ஸ்ட்-4 கோப்பு முறைமை, தன் இடத்தில் 5 வீதத்தை நிருவாகிக்கென்று வழமையாக ஒதுக்கி வைக்கும். பயனாளருக்கு இடம் தீர்ந்ததாகத் தோன்றும்போதும் அந்த ஒதுக்கு எஞ்சியிருக்கலாம்.

இவற்றையெல்லாம் பார்த்த பின்னரும் இடம் போதாதெனில் மேலே செல்லலாம்.

பிரதி இருக்கின்றதா? மீண்டு வந்ததா?

முதல் வேலை, பிரிவில் உள்ள யாவற்றையும் வேறொரு தட்டுக்குப் பிரதி எடுப்பது. அதே தட்டின் வேறொரு பிரிவில் எடுக்கும் பிரதி, பிரதி அன்று. சேவையகத்தில் இரு தட்டுகள் ஒன்றையொன்று கண்ணாடி போலப் பின்பற்றும் 'ரெயிட்' ஏற்பாடு இருக்கின்றதே என்று சிலர் அமைதி கொள்வர். அந்த ஏற்பாடு, ஒரு தட்டுப் பழுதானால் காப்பாற்றும். மனிதன் செய்யும் பிழையையோ அது அக்கணமே மறு தட்டிலும் எழுதிவிடும்.

எடுத்த பிரதியிலிருந்து சில கோப்புகளையேனும் மீட்டுத் திறந்து பார்த்தல் இரண்டாவது வேலை. இதன் அருமையை உலகறிய உணர்த்திய சம்பவம் ஒன்று உண்டு. 2017 ஜனவரி 31 ஆம் நாள், நிரலாக்குநர்கள் தம் ஆக்கங்களைச் சேமித்து வைக்கும் கிட்லாப் என்னும் நிறுவனத்தின் சேவையகத்தில், பொறியியலாளர் ஒருவர் தவறான கணினியில் கட்டளையை இட்டு, ஏறக்குறைய 300 கிகாபைற்றுத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அஃது எல்லை மாற்றும் வேலையன்று; ஆயினும் படிப்பினை ஒன்றே. ஐந்து விதமான காப்பு முறைகள் இருந்தும், ஒன்றேனும் நம்பத்தக்க நிலையில் இருக்கவில்லை என்று அந்நிறுவனமே ஒளிவு மறைவின்றி எழுதியது. ஆறு மணி நேரத்துக்கு முன்னர் வேறொரு தேவைக்காக எடுத்திருந்த பிரதியே கைகொடுத்தது. அந்த ஆறு மணி நேரத்துத் தரவுகள் போனவை போனவையே. மீட்டுப் பார்க்காத பிரதி வெறும் நம்பிக்கையே என்பதை மாணவர்கள் நெஞ்சிற் பதித்துக்கொள்க.

மூன்றாவதாக, இப்போதுள்ள அட்டவணையைக் குறித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவும் எந்தக் கூறில் தொடங்குகின்றது, எந்தக் கூறில் முடிகின்றது என்ற எண்களை எழுத்துக் கோப்பாக வெளியிடும் கருவிகள் உள. அக்கோப்பை வேறு கணினியில் வைப்பதோடு, கடதாசியிலும் அச்சிட்டு மேசைமீது வைத்திருப்பது நன்று. தட்டு திறவாத நாளில், தட்டினுள்ளே பூட்டிய குறிப்பு எவருக்கும் உதவாது.

பெருக்கும் கிரமம்

பெருக்க விரும்பும் பிரிவின் வலப்புறத்தே, அஃதாவது அதன் முடிவை ஒட்டி, வெற்றிடம் இருத்தல் வேண்டும். அட்டவணையில் முடிவெல்லையை மாத்திரம் வலப்புறம் நகர்த்துக. தொடக்க எல்லையைத் தொடாதீர். பின்னர், புதிய எல்லை வரை விரிந்துகொள்ளும்படி கோப்பு முறைமைக்குக் கட்டளையிடுக. எக்ஸ்ட்-4 முறைமையைச் சேவையகம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே பெருக்கலாம்.

இங்கே ஒரு பழைய பொறி உண்டு. எஃப்டிஸ்க் என்னும் கருவியில், பிரிவை நீக்கிவிட்டு மீண்டும் பெரிதாக எழுதுவதே வழக்கமான முறை. நீக்குவது என்ற சொல்லைக் கண்டு நடுங்க வேண்டாம். நீங்குவது உறுதியின் ஒரு வரியே. வீடு அவ்விடத்திலேயே நிற்கும். ஆனால் மீண்டும் எழுதும்போது தொடக்கக் கூறு முன்னிருந்த அதே எண்ணாக இருத்தல் வேண்டும். பழைய காலத்தில் முதற் பிரிவை 63 ஆம் கூறில் தொடங்கினர். இக்காலக் கருவிகளோ 2048 ஆம் கூறைத் தாமாகவே முன்மொழியும். பழைய தட்டில் அதனை ஆராயாது ஏற்றுக்கொண்டால், வீட்டின் வாசலை 1985 கூறுகள் தள்ளித் தேடியவர் ஆவோம். கோப்பு முறைமை கண்ணுக்குப் புலப்படாது. அன்றியும், பழைய கோப்பு முறைமையின் அடையாளத்தை நீக்கிவிடவா என்று கருவி கேட்டால், வேண்டாம் என்றே விடையளிக்க வேண்டும்.

இன்று பல சேவையகங்கள் மெய்யான பெட்டிகளாக இல்லாது, பெரிய கணினி ஒன்றினுள் மென்பொருளால் அமைந்த மாயக் கணினிகளாக இயங்குகின்றன. அவற்றின் தட்டை வெளியிலிருந்தே பெரிதாக்கலாம். அவ்வாறு செய்தபின், முடிவில் இருந்த ஜி.பி.டி. பிரதி இப்போது நடுவிலே நிற்கும். அதனைப் புதிய முடிவுக்கு நகர்த்திய பின்னரே எல்லையை விரிக்க வேண்டும்.

சுருக்கும் கிரமம்

பெருக்குவதினும் சுருக்குவது அபாயம் மிக்கது. முதலில், எல்லாக் கோப்பு முறைமைகளும் சுருங்க மாட்டா. சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனம் 1990களில் ஆக்கிய எக்ஸ்எஃப்எஸ் முறைமை பெருகுவதற்கென்றே அமைந்தது. நடைமுறையில் அதனைச் சுருக்க இயலாது. பிரதி எடுத்து, சிறிய பிரிவைப் புதிதாக அமைத்து, மீண்டும் நிரப்புவதே வழி. 2014 இல் வெளிவந்த ரெட் ஹாட் லினக்ஸ் 7 ஆம் பதிப்பு முதல் அதுவே அவ்வகைச் சேவையகங்களின் வழமையான கோப்பு முறைமை. ஆதலின் எந்த முறைமை இருக்கின்றது என்பதை அறியாது வேலையைத் தொடங்கலாகாது.

எக்ஸ்ட்-4 சுருங்கும், ஆனால் இயக்கத்திலிருந்து கழற்றிய பின்னரே சுருங்கும். முறைமையின் மூலப் பிரிவையே சுருக்குவதானால், வேறொரு ஊடகத்திலிருந்து கணினியைத் தொடக்க வேண்டும். கழற்றியபின் முழுமையான பரிசோதனை நடத்திப் பழுதுகளைத் திருத்துக. அதன் பின்னர் கோப்பு முறைமையைச் சுருக்குக. கடைசியாகவே எல்லையை நகர்த்துக.

இவ்விடத்திற் பலரை வீழ்த்துவது அளவையின் குழப்பம். ஒரு கிகாபைற்று எத்தனை பைற்று? தட்டு விற்போர் கணக்கில் 100 கோடி. கோப்பு முறைமையைச் சுருக்கும் கருவியின் கணக்கில் 107,37,41,824. இதைக் கிபிபைற்று என்று பிரித்துக் கூறுவாரும் உளர். எக்ஸ்ட்-4 முறைமையை அதன் கருவியால் 100 என்று சுருக்கி, பின்னர் பார்ட்டட் என்னும் கருவியில் எல்லையை 100 கிகாபைற்று என்று எழுதினால், இரண்டும் 100 தானே என்று தோன்றும். உண்மையில் வீடு எல்லைக்கு வெளியே 700 கோடிப் பைற்றுக்கு மேல் நீண்டு நிற்கும்!

இதற்குப் பரிகாரம் எளிது. 200 அளவுள்ள பிரிவை 100 ஆக்க விரும்பினால், முதலிலே வீட்டை 90 ஆகச் சுருக்குக. பின்னர் எல்லையை 100 இல் இடுக. இறுதியாக, அளவு எதுவும் கூறாமல், எல்லை வரை விரிந்துகொள் என்று கோப்பு முறைமைக்குக் கட்டளையிடுக. இடையிலே விட்ட 10 அளவு, கணக்குப் பிழைகள் யாவற்றையும் தாங்கிக்கொள்ளும். முடிவில் ஒரு பைற்றேனும் வீணாகாது. ஜீபார்ட்டட் முதலிய வரைகலைக் கருவிகள் வீட்டையும் எல்லையையும் சரியான வரிசையிலே தாமே மாற்றும். ஆயினும் உள்ளே நடப்பதை அறிந்தவனே, இடையில் ஓர் எச்சரிக்கை தோன்றும்போது சரியாக விடையளிப்பான்.

இடப்புறத்து எல்லையும் மின்சாரமும்

வெற்றிடம் இடப்புறத்தே இருந்தால் என் செய்வது? தொடக்க எல்லையை நகர்த்த வேண்டுமாயின், பிரிவில் உள்ள தரவு முழுவதையும் பெயர்த்து முன்னே வைக்க வேண்டும். பெரிய தட்டில் இதற்குப் பல மணி நேரம் செல்லும். நடுவே மின்சாரம் நின்றால், பாதி பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலுமாக வீடு இரண்டாகப் பிளந்து கிடக்கும். கோப்பு முறைமையைச் சுருக்கிக் கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் நின்றாலும் ஏறக்குறைய அதே கதிதான். 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டைக் கண்ட நம் நாட்டாருக்கு இதனை மேலும் விரித்துரைக்க வேண்டியதில்லை. மின்கலக் காப்புப் பொறி இன்றி இவ்விரு வேலைகளிலும் இறங்குதல் தகாது. அப்பொறியின் மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையும் முன்னரே சோதித்தல் வேண்டும். இடப்புறம் நகர்த்துவதைத் தவிர்க்க வழியிருந்தால் தவிர்ப்பதே அறிவுடைமை.

பிழை நேர்ந்துவிட்டால்

எல்லையை முந்திக் குறைத்துவிட்டோம். கணினியும் அப்பிரிவைத் திறக்க மறுக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். இந்நிலையில் பதற்றமே பெரும் பகை. மாறியிருப்பது அட்டவணையின் ஒரு வரி மாத்திரமே. தரவுகள் இருந்த இடத்திலேயே உள. ஆகவே பழுதுபார்க்கும் கருவியை உடனே ஏவாதீர். வெறுமையாகத் தோன்றும் இடத்தில் புதிய பிரிவை அமைக்காதீர். எதனையும் எழுதாதீர். மேசைமீது அச்சிட்டு வைத்த கடதாசியை எடுத்து, பழைய எண்களை அப்படியே மீண்டும் எழுதுக. வேறெதுவும் தட்டில் எழுதப்படவில்லையாயின் வீடு முன்போலத் திறக்கும். அந்த இடத்திலே புதிய கோப்பு முறைமையை அமைத்துவிட்டாலோ, அயலான் வந்து நம் குசினியை இடித்துத் தன் வீட்டைக் கட்டியது போலாகும். பிறகு காப்புப் பிரதியே கதி.

இத்தொல்லைகளைக் குறைக்கும் பொருட்டே எல்.வி.எம். என்னும் ஏற்பாடு லினக்ஸில் 1998 முதல் வளர்ந்து வந்துள்ளது. அதில் தட்டு, வழமையாக 4 மெபிபைற்று அளவுள்ள சிறு துண்டுகளாகக் கருதப்படும். ஒரு பிரிவுக்குரிய துண்டுகள் அடுத்தடுத்து இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எங்கே துண்டு உண்டோ அங்கிருந்து எடுத்துச் சேர்க்கலாம். இடப்புறம், வலப்புறம் என்ற வழக்கே எழாது. புதிதாகச் சேவையகம் அமைப்போர், தட்டு முழுவதையும் முதல் நாளே பங்கிட்டுவிடாமல், ஒரு பகுதியை எவருக்கும் எழுதாத நிலமாக வைத்திருப்பாராயின், பின்னாளில் பெருக்குவது ஒன்றே வேலையாகும். சுருக்கும் அபாயம் வாராது. எனினும் எல்.வி.எம். முறையிலும் வீடு வேறு, எல்லை வேறு என்னும் உண்மை மாறுவதில்லை.

மாணவர்கட்கு ஒரு பயிற்சி

கைவசம் உள்ள பழைய 8 கிகாபைற்றுப் பென்டிரைவ் ஒன்றை எடுங்கள். அதில் வேண்டிய கோப்பு எதுவும் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு பிரிவுகளாக வகுத்து, எக்ஸ்ட்-4 முறைமையை அமைத்து, முதற் பிரிவில் சில படங்களை இடுங்கள். எண்களைக் கடதாசியில் எழுதியபின், அப்பிரிவைச் சுருக்குங்கள், மீண்டும் பெருக்குங்கள். பின்னர் வேண்டுமென்றே வரிசையை மாற்றி எல்லையை முந்திக் குறைத்து, கணினி என்ன கூறுகின்றது என்று கவனியுங்கள். பழைய எண்களைக் கொண்டு அதனை மீட்டெடுங்கள். ஒரு பிற்பகலில் முடியக்கூடிய இப்பயிற்சியைச் செய்தவரின் கை, மெய்யான சேவையகத்தின் முன் நடுங்காது.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் வாக்கு. பிரதியை மீட்டுப் பார்த்து, எண்களை எழுதி வைத்து, வீடு எந்நேரமும் காணிக்குள் அடங்கியிருக்கும்படி ஒவ்வொரு படியாக நகர்வோருக்கு, தட்டின் எல்லையை மாற்றுவது அச்சம் தரும் வேலையன்று.